நேரம் தவறாதவர்

ஜூலை 6, ஞாயிறு

இந்த நோட்டை எழுதச் சொன்னவர் என் கணவர் நாச்சிமுத்து. சொன்னார் என்பதுகூடத் தவறு, அட்டவணையில் போட்டுவிட்டார். மாலை 7.30 முதல் 8.00 வரை: "பயணக் குறிப்பு, கோகிலவாணி." அட்டவணை பதினான்கு நாளுக்கும் சேர்த்து நான்கு பக்கம். மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறை ஒட்டி வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவின் இந்த வடக்குப் பக்கத்தில் அக்டோபர் வரை மழையே கிடையாது.

மெல்பர்னில் டிராம் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் இருபத்து மூன்று வருஷம் இருந்தவர், போன மாதம் ஓய்வு பெற்றார். அவர் அட்டவணை போட்ட டிராம்களில் ஒன்றைப் பதினாறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருப்பவள் நான். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே இரண்டு நிமிஷம் என்று அறையில் உட்கார்ந்து எழுதிவிடுவார். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் ஊன்றுகோல்காரர் ஏற வேண்டும், குழந்தை வண்டி இறங்க வேண்டும், சிக்னல் விழ வேண்டும். ஒருநாளும் போதுமானதாக இருந்ததில்லை. "எட்டாம் நம்பர் இன்னிக்கும் லேட்டு" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சொல்லுவார். எட்டாம் நம்பர் நான்தான்.

ஓய்வைக் கொண்டாட இந்தப் பயணம். டார்வினில் வண்டி எடுத்து, தெற்கே இறங்கி, கிழக்கே மண் ரோட்டில் திரும்பி, வளைகுடாக் கரைக் காடுகள் வழியாகச் சுற்றி வர வேண்டும். கூடாரம், கேஸ் அடுப்பு, நாற்பது லிட்டர் தண்ணீர், பத்து கிலோ பொன்னி அரிசி. அட்டவணையில் மாலை 5.30 முதல் 6.00 வரை "உரையாடல்" என்று இருக்கிறது. எதைப் பற்றி என்று போடவில்லை.

ஜூலை 7, திங்கள்

இன்று நானூறு கிலோமீட்டர். அவரே ஓட்டினார். கொஞ்ச நேரம் நான் ஓட்டட்டுமா என்றேன்.

"தண்டவாளத்துல ஓட்டறவளுக்கு வளைக்கத் தெரியுமாக்கும்?" என்றார்.

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். புற்றுகள். ஆள் உயரப் புற்று, ஆளுக்கு இரண்டு மடங்கு உயரப் புற்று. இயற்கையை ரசிக்க ஒதுக்கிய கால் மணி நேரத்துக்குள் ரசித்து முடித்துவிட்டோம்.

ஜூலை 8, செவ்வாய்

வண்டி படுத்துவிட்டது.

மண் ரோட்டில் எங்களுக்கு முன்னே ஒரு ராட்சத லாரி, மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனது. அது கிளப்பும் புழுதி அடங்கும்வரை நின்று போகலாம் என்றேன். நின்றால் பன்னிரண்டு நிமிஷம் பின்தங்குவோம் என்று அதன் வாலைப் பிடித்தபடியே போனார். லாரியின் சக்கரம் வாரியடித்த கல் ஒன்று ரேடியேட்டரில் ஓட்டை போட்டது. பன்னிரண்டு நிமிஷத்தை மிச்சப்படுத்தப் போய் இப்போது ஆறு நாள் பின்தங்கியிருக்கிறோம். இதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்த ஒரு அம்மாள் எங்களைக் கயிறு கட்டி இழுத்துப் போனாள். பெயர் மார்லீன். அறுபது வயதிருக்கும். ஆற்றுக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு கடை, கூடாரம் போட ஒரு திடல், இவ்வளவும் அவளுடையவை. புது ரேடியேட்டர் திங்கட்கிழமை தபால் லாரியில் வருமாம், அவளே மாட்டிக் கொடுப்பாளாம். அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று இவர் கேட்டார். அவள் சிரித்தாள்.

ஜூலை 9, புதன்

திடலில் குளியலறை இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அழுகின முட்டை வாடை அடிக்கிறது. இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விடியற்காலையில் வாளியோடு ஆற்றுக்குப் போய்விட்டார்.

ஓய்வு பெற்றதிலிருந்து இவருக்குச் சூரிய வழிபாடு பிடித்துக்கொண்டது. உதிக்கிற சூரியனைப் பார்த்து நின்று, மூன்று கை தண்ணீர் எடுத்து விட்டு, பிறகு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். மெல்பர்னில் இதைத் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே குழாய்த் தண்ணீரில் செய்வார், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். இங்கே நிஜமான ஆறு, மறைக்க ஒரு கட்டிடம் இல்லாத கிழக்கு. ஆறு ஐம்பதுக்குச் சூரியன் எழும்புகிறது. ஆறு ஐம்பதுக்கு இவர் தண்ணீரில் நிற்கிறார்.

ஆற்றுப் பாதையில் குறுக்கே ஒரு கயிறு, அதில் ஒரு பலகை. முதலைப் படம். நீந்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது.

"படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சேன். நீந்தக் கூடாதுன்னுதான போட்டிருக்குது? நானென்ன நீந்தவா போறேன். மொழங்காலு கூட நனையாது. ரெண்டு பக்கமும் நல்லாப் பாத்துட்டுத்தான் எறங்குனேன், ஒண்ணுமில்ல."

சட்டத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் மதிப்பவர். அதில் இல்லாததை மதிக்க மாட்டார்.

ஜூலை 10, வியாழன்

துணி துவைத்தேன். சிவப்பு மண் போகவில்லை. அவருடைய வெள்ளை பனியன்கள் எல்லாம் காவி நிறத்துக்கு மாறிவிட்டன, இன்னும் நாலு நாள் இருந்தால் மடம் கட்டிவிடலாம்.

இவர் ஆறு நாற்பதுக்குப் போய் ஏழு ஐந்துக்கு வந்தார். ஒரே பாறை, ஒரே படி, ஒரே மூன்று கை. "நேரம்னா இப்பிடி இருக்கோணும் அம்முணி" என்று ஈரத் துண்டோடு கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஆறு நாள் சும்மா கிடக்கிறோமே, அட்டவணை இனி எதற்கு என்று கேட்டால், ஆறு நாளுக்கும் புதிதாக ஒன்று போட்டுவிட்டார். இன்றைய உரையாடலில் கியர் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று அரை மணி நேரம் எனக்கு விளக்கினார். நான் தினமும் முப்பது டன் வண்டியை ஓட்டுகிறவள். தலையை ஆட்டினேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் கடைக்கு முட்டை வாங்கப் போனேன். அங்கே மட்டும்தான் இணையம் வருகிறது. வானிலை பார்த்து வரச் சொல்லி இவர் தன் ஃபோனைக் கொடுத்தனுப்பியிருந்தார். என் மின்னஞ்சலும் அதில்தான் இருக்கிறது. டெப்போவிலிருந்து வரும் கடிதங்களுக்குப் பதினாறு வருஷமாக என் பெயரில் பதில் போடுபவர் அவர்தான். எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது என்று அவர் முடிவு செய்த காலத்திலிருந்து.

கடை வாசலில் நின்றதும் ஃபோன் வரிசையாக அலறியது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து என் கொழுந்தனார் சென்னியப்பன் குரல் பதிவு அனுப்பியிருந்தார். கை பட்டு ஓடிவிட்டது.

"அண்ணா, அண்ணிகிட்டச் சொல்லீட்டீங்களா இல்லீங்களா? புது ஊட்டுக்கு வாசக்கால் நிலவு வெச்சாச்சு. ஐப்பசிக்கு வந்தீங்கன்னா பால் காச்சிரலாமுங்க. அண்ணி வேலைய உட்டுட்டு வர ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னதுல எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோசமுங்க."

யார் எதற்கு ஒத்துக்கொண்டது என்று தேடினேன். அதிக நேரம் தேடவில்லை. என் மின்னஞ்சலில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. நான் வேலையை ராஜினாமா செய்கிறேன், இத்தனை வருஷ வாய்ப்புக்கு நன்றி, நிரந்தரமாக இந்தியா திரும்புகிறேன், இப்படிக்கு கோகிலவாணி. ஜூலை 14, திங்கள், காலை 9.00 மணிக்குத் தானாகப் போகும்படி நேரம் குறித்து வைத்திருக்கிறார். அட்டவணைக்காரர்.

அழித்திருக்கலாம், ஒரு விரல் வேலை. அழித்தால் அவர் இன்னொரு தேதி போடுவார். அது அவர் கையாலேயே அழிய வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். காலை ஐந்து மணிக்குக் காலியான டிராமை டெப்போவிலிருந்து வெளியே எடுக்கும்போது மொத்த ஊரும் என்னுடையதாக இருக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. முட்டை ஆறு, வெங்காயம் ஒரு கிலோ வாங்கினேன்.

பணம் கொடுக்கும்போது மார்லீன், உன் கணவன் தினமும் ஈர வாளியோடு வருகிறானே, எங்கிருந்து என்று கேட்டாள். ஆற்றில் குளிக்கிறார் என்றேன். எத்தனை நாளாக என்றாள். மூன்று நாள் என்றேன். ஒரே இடத்திலா, ஒரே நேரத்திலா என்றாள். ஒரு நிமிஷம் பிசகாது என்றேன்.

அவள் சிகரெட்டை அணைத்தாள். அவளிடம் ஒரு நாய் இருந்ததாம். தினமும் அதே படியில் இறங்கி, அதே நேரத்தில் தண்ணீர் குடிக்குமாம். முதலை முதல் நாள் பார்க்கும், இரண்டாம் நாள் பார்க்கும், மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். நாலாம் நாள் நாய் வரவில்லை. "கண்ணுக்குத் தெரிகிற முதலை ஒன்றும் செய்யாது. தெரியாமல் கிடப்பதுதான் உனக்காகக் காத்திருப்பது. இன்றே போய்ச் சொல்" என்றாள்.

மத்தியானம் முட்டைக் குழம்பு வைத்தேன். இன்றைய உரையாடலில் எனக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று இவரைக் கேட்டேன். யோசித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார். உனக்கு ஏதாவது என்றார்.

எனக்கும் ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூலை 12, சனி

தலைவலி. காலையில் எழுந்திருக்கவில்லை. இவர் போனது தெரியும், கூடாரத்து ஜிப்பைத் திறக்கும்போது என்னை எழுப்பிவிடக் கூடாதென்று மெதுவாகத்தான் இழுத்தார்.

ஏழு ஐந்துக்கு வந்துவிட்டார். தண்ணீர் இன்று ஜில்லென்று இருந்ததாம்.

பகலில் விசேஷம் ஒன்றும் இல்லை. இரண்டு பாதத்திலும் முள். ஊசியை நெருப்பில் காட்டி மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எடுத்தேன். வலதில் ஏழு, இடதில் நாலு.

"கூடாரத்துக்குள்ள படுத்துட்டு இருந்தவளுக்கு முள்ளு எப்பிடி ஏறுச்சு?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். பாதையில் முள் அதிகம். செருப்பில்லாமல் யாரும் போகக் கூடாது.

பாறைக்குப் பக்கத்துச் சேற்றில் ஒரு தடம் இருக்கிறது. கதவு அகலத்துக்கு, தண்ணீரிலிருந்து ஏறி, இவருடைய கால் தடத்துக்குப் பக்கத்திலேயே வந்து, திரும்ப இறங்கியிருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் நகக் கீறல். நான் இதை எப்போது பார்த்தேன் என்று எழுத அவசியமில்லை.

உரையாடல் நேரத்தில் மார்லீன் சொன்ன நாய்க் கதையைச் சொன்னேன். தடத்தையும் சொன்னேன். நாளைக்குப் போகாதீர்கள் என்றேன்.

"அது யாரோ மரக்கட்டைய இழுத்த தடமாட்ட இருக்கும். நாலு நாளாப் போறேன், என்ன ஆச்சு? முதலைக்கென்ன கடியாரமா கட்டியுட்டிருக்குது?"

இருபத்தொன்பது வருஷமாக இவருக்கு எதையும் வாயால் சொல்லிப் புரியவைத்ததில்லை. நாளைக்கு நானும் வருகிறேன் என்றேன். துணைக்கு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

கை இன்னும் சரியாகப் பேனா பிடிக்க வரவில்லை. கயிறு உரசி உள்ளங்கை கன்றிப்போயிருக்கிறது. இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும்.

ஆறு நாற்பதுக்குக் கிளம்பினோம். துணிக்கொடியை அவிழ்த்துக் கையில் சுற்றி வைத்துக்கொண்டேன். எதற்கு என்றார். வந்து பாருங்கள் என்றேன். கரை மேட்டில், தண்ணீருக்கு மூன்று ஆள் உயரத்துக்கு மேலே, அவரை நிறுத்தினேன். வாளியைப் பிடுங்கி அதன் பிடிக்கம்பியில் கொடியைக் கட்டினேன்.

"என்ன வெளையாட்டு இது? சூரியன் வந்துருமாக்கும்."

"ஆறு அம்பதுக்குத்தானுங்க. இருங்க."

ஆறு ஐம்பதுக்கு, அவர் தினமும் நிற்கிற பாறைக்குப் பக்கத்தில் சரியாக விழும்படி வாளியை வீசினேன். டப்பென்று சத்தம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு குமிழிகூட இல்லை. இவர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். வாளியை இழுத்தேன், ஒரு முழம் நகர்ந்திருக்கும்.

அப்புறம் ஆறே எழுந்து நின்றது. தாடையை மட்டும்தான் பார்த்தேன், அதற்குள் மஞ்சளாக இருந்தது. கொடி என் கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது, விட்டுவிட்டேன். வால் ஒருமுறை திரும்பியதில் மேட்டில் நின்ற எங்கள் முகத்தில் தண்ணீர் அடித்தது. பிறகு மறுபடி கண்ணாடி. சற்றுத் தள்ளி வாளியின் அடித்தட்டு மட்டும் மிதந்து வந்தது.

இவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஐம்பத்தொன்று. முதலை ஒரு நிமிஷம் லேட் என்று என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"மார்லீன் இத உங்கிட்ட எப்பச் சொன்னா?"

"வெள்ளிக்கிழமைங்க."

"வெள்ளிக்கிழமை எந்நேரம்?"

"பதனொரு மணி இருக்கும்."

விரல் விட்டு எண்ணவில்லை, ஆனால் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க வண்டிகள் எங்கே எப்போது மோதிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டவர்.

"சனிக்கிழமை காலைல நான் போனேன்."

"போனீங்க."

"அது நாலாம் நாள்."

"ஆமாங்க."

"நீ முழிச்சுட்டுத்தான் படுத்திருந்த."

"ஆமாங்க."

"ஏம்புள்ள சொல்லல?" என்றார்.

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு எம் பேர்ல ஒரு கடுதாசி போவுதுங்களே. அத எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

சூரியன் முழுசாக வந்துவிட்டது. யாரும் அதற்குத் தண்ணீர் விடவில்லை. ஊருக்குப் போவது நமக்கு நல்லது என்று ஆரம்பித்தார், கடைசிக் காலத்தில் என்றார், உனக்கும் ஓய்வு வேண்டாமா என்றார். அட்டவணையில் அதை எந்த நாளில், எத்தனை மணிக்குப் போட்டிருந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

பத்து மணிக்கு இருவரும் கடைக்குப் போனோம். கடிதத்தை அவர் கையாலேயே அழித்தார். என் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சென்னியப்பனைக் கூப்பிட்டு, "அண்ணி ஒத்துக்கல, நான் பொய் சொன்னேன்" என்றார். மார்லீன் வாளியின் அடித்தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அதைக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த மனிதர் இல்லாத கூடாரத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். கோபமும் அப்படியே இருக்கிறது, ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை. சனிக்கிழமை செருப்பில்லாமல் அவர் பின்னாலேயே ஓடியபோது ஏறிய முள்ளைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஒன்பது மணி வந்தது, போனது.

தபால் லாரி பதினொன்றரைக்கு வந்தது. மார்லீன் இரண்டு மணிக்குள் ரேடியேட்டரை மாட்டிவிட்டாள். சாவியை நான் எடுத்துக்கொண்டேன். மண் ரோடு, தண்டவாளம் என்று எந்தப் பேச்சும் வரவில்லை. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று மட்டும் கேட்டார். சேரும்போது சேருவோம் என்றேன். புழுதி கிளப்பிக்கொண்டு போன ஒரு லாரிக்காக முழுதாக இருபது நிமிஷம் மர நிழலில் நிறுத்தி வைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு பார்க்கச் சகிக்கவில்லை.

மாலையில் ஆறே இல்லாத ஒரு மேட்டில் கூடாரம் போட்டோம். உரையாடல் நேரம் வந்தது. அவராகவே, மெல்பர்னில் விடியற்காலையில் டிராம் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்டார். சொன்னேன். அரை மணியைத் தாண்டிவிட்டது, அவர் குறுக்கே பேசவில்லை.

பிறகு ரவையை வறுத்து உப்புமா கிண்டினேன். வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் முந்திரி. கல்யாணமான நாளிலிருந்து முதல் தட்டு அவருக்கு, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எனக்கு. வழக்கம்போல அவருக்கு முன்னால் தட்டை வைத்தேன். அவர் கரண்டியைக் கையில் எடுத்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"நீ மொதல்ல சாப்புடு அம்முணி" என்றார்.

இருபத்தொன்பது வருஷத்தில் முதல்முறை. அன்பு என்றே இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு வாய் எடுத்து, அவசரப்படாமல் மென்று விழுங்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது வாய்க்குக் கை வைத்த பிறகுதான் தனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டார்.